இரட்டையரில் மகள் பேசுகிறாள், மகன் கை காட்டுகிறான்: காத்திருக்கலாமா?

கேள்வி: திருப்பூர் அம்மா

வணக்கம். எனக்கு ஒரு மகளும் ஒரு மகனுமாக இரட்டைக் குழந்தைகள். இருவருக்கும் இப்போது 25 மாதங்கள் முடிந்திருக்கின்றன. 34ஆம் வாரத்தில் அறுவைச் சிகிச்சை மூலம் பிறந்தவர்கள். மகன் எடை குறைவாக இருந்ததால் அவனை மட்டும் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வாரத்துக்கும் மேலாக வைத்திருந்தார்கள். உடல் வளர்ச்சியில் இன்று இருவருக்கும் வேறுபாடு ஏதும் தெரியவில்லை. ஓடுவதிலும் நாற்காலியில் ஏறுவதிலும் படி இறங்குவதிலும் சமமாகவே இருக்கிறார்கள். பேச்சில் மட்டும் இடைவெளி கூடிக்கொண்டே போவதாக எனக்குப் படுகிறது.

மகள் "அம்மா வா", "பால் வேணும்", "தாத்தா வண்டி" என்று இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்கிறாள். மகனிடம் "அம்மா", "தா", காக்கைக்குக் "கா", மாட்டுக்கு "ம்பா", அக்காவுக்கு "க்கா" என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே சொற்கள் இருக்கின்றன. வேண்டிய பொருளைச் சுட்டுவிரலால் காட்டி, என் முகத்தைப் பார்த்து "ம்ம்" என்பான். நான் வாய் திறப்பதற்குள் மகள் "தம்பி தண்ணி" என்று சொல்லிவிடுவாள். தண்ணீர் கிடைத்துவிடும், அவன் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும். இரவில் அடுத்தடுத்த தூளிகளில் படுத்துக்கொண்டு, எங்களுக்குப் புரியாத ஒலிகளில் இருவரும் மாறி மாறிப் பேசிச் சிரிக்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் தங்களுக்குள் ஒரு மொழி இருக்கும்போது எங்கள் மொழி எதற்கு என்று அவன் இருந்துவிடுவானோ என்ற கவலையும் வருகிறது.

என் கணவர் பனியன் கம்பெனியில் இரவுப் பணியில் இருப்பதால் பகலில் உறங்குவார். அந்த நேரத்தில் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருப்பதற்காகக் கைப்பேசியில் பாட்டுப் படங்கள் ஓடும். மாமனாரும் மாமியாரும் எங்களுடன்தான் இருக்கிறார்கள். ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான் என்பது மாமியாரின் கருத்து. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்றும் சொல்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவோ, இருவரும் ஒன்றாகவே இருப்பதால்தான் இப்படி ஆகிறது, ஒருவரைச் சில மாதங்கள் என் தாய் வீட்டில் விட்டுவிடலாம் என்கிறார். மூன்று வயது வரை காத்திருப்பது சரியா? பிரித்து வைக்கத்தான் வேண்டுமா? இரட்டையரை வளர்த்தவர்களும் இத்துறையை அறிந்தவர்களும் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மதுரை அப்பா

சகோதரி, எங்களுக்கு இரட்டை ஆண் பிள்ளைகள். இப்போது இரண்டாம் வகுப்பில் படிக்கிறார்கள். உங்கள் வீட்டில் நடப்பது எங்கள் வீட்டில் நடந்ததுதான். எங்கள் பெரியவன் இளையவனுக்கும் சேர்த்துப் பேசுவான்; யாருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் இருவரும் திரும்புவார்கள்.

அந்தக் காலத்தில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். இரட்டையர் இருக்கும் வீட்டில் பேச்சுக்குக் குறைவே இல்லை. நாள் முழுவதும் பெரியவர்கள் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சில் பெரும்பகுதி "வாங்க", "உக்காருங்க", "ரெண்டு பேரும் கை கழுவுங்க", "அடிச்சுக்காதீங்க" என்று இருவருக்கும் பொதுவான கட்டளையாகவே இருக்கிறது. ஒரு குழந்தையின் கண்ணைப் பார்த்து, அவன் கையில் இருக்கும் பொருளைப் பற்றி, அவனிடம் மட்டும் பேசி, அவன் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் மிகவும் குறைவு. ஒற்றைக் குழந்தைக்கு அது கேட்காமலே கிடைத்துவிடுகிறது. இரட்டையருக்கு நாமாகத் திட்டமிட்டுத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் பெரிய ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. மாலையில் கடைக்குப் போகும்போது டி.வி.எஸ். 50இல் ஒருவனை மட்டும் முன்னால் நிறுத்திக்கொண்டு போவேன். மற்றவன் அம்மாவுடன் அடுக்களையில் இருப்பான். மறுநாள் முறை மாறும். வழியில் ஆடு, மணல் லாரி, கோயில் கோபுரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே போவேன். கடைக்காரரிடம் "தக்காளி" என்று அவனையே கேட்க வைப்பேன். பாதிச் சொல் வந்தாலும் அவர் எடுத்துக் கொடுப்பார். அண்ணன் அருகில் இருக்கும்போது வாய் திறக்காத இளையவன், வண்டியில் தனியாக வரும்போது நிறையப் பேசினான். அடுக்களையில் இருப்பவனுக்கும் அதே பயன் கிடைத்தது. வெங்காயத்தை உரித்தபடி, பாத்திரங்களைத் தட்டியபடி, அம்மாவின் முழுக் கவனத்துடன் அவன் இருந்தான்.

ஆகவே பிரிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், நாளில் சிறிது நேரம் பிரியுங்கள், ஊர் விட்டு ஊர் பிரிக்காதீர்கள் என்பதே. ஒருவரை மாதக்கணக்கில் தாய் வீட்டில் விடுவது அந்தக் குழந்தைக்கு அம்மாவையும் உடன்பிறப்பையும் ஒரே நாளில் இழப்பதாகும். அதைச் செய்யவே வேண்டாம்.


பேச்சுப் பயிற்சியாளர்

நான் ஓர் அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான பேச்சு, மொழிப் பயிற்சி அளிப்பவர். நேரில் பார்க்காமல் எந்தக் குழந்தையைப் பற்றியும் முடிவாகச் சொல்ல இயலாது. ஆயினும் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சிலவற்றைத் தெளிவாகச் சொல்லலாம்.

முதலில் வயதுக் கணக்கு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும்போது, இரண்டு வயது வரை, எத்தனை வாரங்கள் முன்னதாகப் பிறந்தார்களோ அத்தனை வாரங்களைக் கழித்துக்கொள்வது வழக்கம். உங்கள் பிள்ளைகளுக்கு ஆறு வாரங்களைக் கழித்தால் ஏறக்குறைய இருபத்து மூன்றரை மாதங்கள் என்றாகும். இரண்டு வயதை ஒட்டி ஒரு குழந்தையிடம் சுமார் 50 சொற்களும், இரண்டு சொற்களைச் சேர்க்கும் முயற்சியும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். "கா", "ம்பா" போன்றவை, ஒரே பொருளுக்காக ஒரே மாதிரி சொல்லப்பட்டால், அவையும் சொற்களே, அவற்றையும் எண்ணுங்கள். அப்படி எண்ணியும் விரல்களுக்குள் அடங்குகிறது என்றால், குறைமாதக் கணக்கால் மட்டும் அதை விளக்கிவிட முடியாது. சுட்டிக் காட்டுவதும், காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பதும், அக்காவுடன் மாறி மாறி ஒலி எழுப்புவதும் மிக நல்ல அறிகுறிகள். அவை இருப்பதால் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மூன்று வயது வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆண் பிள்ளைகள் சராசரியில் சற்றுப் பின்னால் பேசத் தொடங்குவது உண்மைதான். அந்த வேறுபாடு சிறியது, அதைக் காரணம் காட்டி ஓராண்டைக் கடத்தக் கூடாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது செவித்திறன் பரிசோதனை. பிறந்தபோது செய்த பரிசோதனையில் தேறிவிட்டான் என்று யாரேனும் சொன்னாலும் மீண்டும் செய்யுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு ஓ.ஏ.இ. என்னும் உள்காதுப் பரிசோதனை மட்டும் போதாது. காதிலிருந்து மூளை வரை செல்லும் நரம்பின் செயலைப் பார்க்கும் பெரா பரிசோதனையும் தேவை, ஏனெனில் முதலாவதில் தேறி இரண்டாவதில் குறை தெரியும் குழந்தைகள் உண்டு. அதோடு, அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளின் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வது இந்த வயதில் மிகச் சாதாரணம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. கேட்கும் திறன் மட்டும் மங்கியிருக்கும். இரட்டையரில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். நீங்கள் "செருப்பு எடுத்துட்டு வா" என்றதும் அக்கா ஓடுவாள், அவளைப் பார்த்துத் தம்பியும் ஓடுவான். அவன் காதில் விழுந்துதான் ஓடினான் என்று நாம் எண்ணிக்கொள்வோம். ஆகவே அக்கா அறையில் இல்லாதபோது, கையால் காட்டாமல், அவன் முதுகுப்புறம் நின்று தாழ்ந்த குரலில் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். பரிசோதனைக்கு அது ஈடாகாது; மருத்துவரிடம் சொல்வதற்குப் பயன்படும்.

எங்கே போவது என்றால், 2013இல் தொடங்கப்பட்ட ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளவர்களின் பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் கவனிக்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. பரிசோதனையும் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கும். அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலும் அங்கே அனுப்பிவைப்பார்கள்.

இரட்டையரின் தனி மொழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1970களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் இரட்டைச் சிறுமிகள் இருவர் யாருக்கும் புரியாத மொழியில் பேசுவதாகப் பெரிய செய்தி எழுந்தது. ஆராய்ந்து பார்த்தபோது, அது அவர்கள் வீட்டில் காதில் விழுந்த ஆங்கிலமும் ஜெர்மனும் ஒலி மாறிக் கலந்ததுதான் என்று தெரிந்தது. பெரும்பாலான இரட்டையரிடம் நாம் கேட்பதும் இத்தகையதே. இருவரும் ஒரே கட்டத்தில், ஒரே விதமான மழலையில் இருப்பதால் ஒருவர் பிழையை மற்றவர் புரிந்துகொண்டு திருப்பிச் சொல்கிறார். அது தமிழின் இடத்தைப் பிடித்துக்கொண்ட வேறொரு மொழி அன்று. இன்னும் முற்றாத தமிழ். இரவுப் பேச்சைத் தடுக்காதீர்கள். மாறி மாறிப் பேசுவதையும் பதிலுக்குக் காத்திருப்பதையும் அவர்கள் அங்கே பழகுகிறார்கள்.

மதுரை நண்பர் கவனித்துச் சொன்னது ஆய்வோடும் பொருந்துகிறது. பிரிட்டிஷ் குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரும் அவர் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இரட்டையரை, வயது இடைவெளி குறைந்த சாதாரண உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டார்கள். 20 மாத வயதில் இரட்டையர் மொழியில் சராசரியாக 1.7 மாதங்களும், மூன்று வயதில் 3.1 மாதங்களும் பின்தங்கியிருந்தார்கள். பேறுகாலச் சிக்கல்களை வைத்து அந்த இடைவெளியை விளக்க முடியவில்லை. தாய்க்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இடையே நடக்கும் பேச்சின் அளவும் தன்மையுமே அதை விளக்கின. அதற்கும் முன்பு, சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியாவும் யுடோவிச்சும், பெரும்பாலும் தங்களுக்குள் மட்டுமே பேசிவந்த ஐந்து வயது இரட்டைச் சிறுவர்களை மழலையர் பள்ளியில் வெவ்வேறு குழுக்களில் சேர்த்தபோது, மூன்று மாதங்களில் இருவர் பேச்சும் வெகுவாக முன்னேறியது. பக்கத்து வீட்டு அம்மா கூறிய "பிரித்தல்" அந்த அளவில்தான் பயன் தரும். வீட்டை விட்டுப் பிரிப்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

வசம்பு பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், கொடுக்க வேண்டாம். நாக்கில் தடவுவதால் பேச்சு வருவதில்லை. வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. விலங்குகளில் அது புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டிலேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தார்கள்.


பாட்டி, கும்பகோணம்

அம்மா, எனக்கும் இரட்டைப் பேத்திகள் இருக்கிறார்கள். மகள் வேலைக்குப் போவதால் இருவரையும் பகல் முழுவதும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உன் மாமியாரிடம் வசம்பு வேண்டாம் என்று சொல்லும்போது, அதற்கு மாற்றாக அவரிடம் ஒரு பொறுப்பையும் கொடுத்துவிடு. பேரன் மேல் உள்ள அன்பினால்தான் அவர் அதைச் சொல்கிறார். செய்வதற்கு ஒன்று இருந்தால் மனம் அதில் போய்விடும்.

உன் கணவர் பகலில் உறங்கும் நேரம்தான் உங்கள் வீட்டில் சிக்கலான நேரம் என்று தெரிகிறது. அப்போது மாமனார் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகட்டும். பால் கடை, கோயில், தெருமுனை, எங்கே என்பது முக்கியமில்லை. மாமியார் மற்ற குழந்தையை மடியில் வைத்து உள்ளங்கையில் பருப்புக் கடையலாம், சோறு ஊட்டலாம், விரல்களை மடக்கி அப்பாவுக்குக் கொஞ்சம், அத்தைக்குக் கொஞ்சம் என்று பங்கு வைத்து, கடைசியில் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டலாம். இவற்றையெல்லாம் தாழ்ந்த குரலிலேயே செய்ய முடியும், உறங்குபவரை எழுப்பாது. கைப்பேசி பேசும், ஆனால் குழந்தை சொல்வதைக் கேட்காது. பருப்புக் கடையும்போது குழந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரியும். நான் வேண்டுமென்றே நிறுத்தினால் அது "ம்" என்று கேட்கும், சில நாள் கழித்து அந்தச் சொல்லையே சொல்லும். ஒரு பேத்திக்கு முதலில் வந்த சொற்களில் பாதி இப்படி வந்தவை.

ஊட்டும்போதும் ஒரே கிண்ணத்திலிருந்து இருவருக்கும் மாறி மாறி ஊட்டுவது எளிது என்பது எனக்குத் தெரியும். பசி நேரத்தில் வேறு வழியும் இருக்காது. ஆனால் ஒரு வேளையாவது தனித்தனியாக ஊட்டு. குளிப்பாட்டுவதையும் அப்படியே.


பெங்களூரு வாசகி

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் இரட்டையருக்கு 20 மாதங்கள். வீட்டில் தமிழ், காப்பகத்தில் கன்னடம். இரு மொழிகளால் குழம்பிப் பேச்சு தாமதமாகும், ஒன்றை விட்டுவிடுங்கள் என்று காப்பகத்தில் சொல்கிறார்கள். அது உண்மையா?


பேச்சுப் பயிற்சியாளர்

உண்மை அன்று. இரு மொழிகள் கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்துக்குக் காரணம் ஆகாது. தமிழில் எத்தனை சொற்கள், கன்னடத்தில் எத்தனை சொற்கள் என்று தனித்தனியே பார்க்காமல் இரண்டையும் கூட்டி எண்ணுங்கள். வீட்டில் உங்களுக்கு இயல்பாக வரும் தமிழையே தொடருங்கள். பெற்றோர் தமக்குச் சரளமில்லாத மொழிக்கு மாறும்போது பேச்சு குறைந்து, கட்டளைகள் மட்டுமே மிஞ்சுகின்றன. கூட்டி எண்ணியும் குறைவாக இருப்பதாகத் தோன்றினால் மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தில் காட்டலாம். 1965 முதல் இயங்கும் நிறுவனம் அது.


திருப்பூர் அம்மா

அனைவருக்கும் நன்றி. மாவட்ட மையத்தில் இருவரையும் காட்டிவிட்டோம். மகளுக்குக் காது நன்றாக இருக்கிறது. மகனுக்குப் பெரா பரிசோதனையில் நரம்பில் குறை இல்லை என்றார்கள். ஆனால் இரண்டு செவிப்பறைகளுக்குப் பின்னாலும் நீர் கோத்திருக்கிறது, அதனால் கேட்கும் திறன் சற்றுக் குறைந்திருக்கிறது என்று காது மூக்குத் தொண்டை மருத்துவர் கூறினார். பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும், மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் பார்க்கலாம் என்றிருக்கிறார். மாமியாரும் உடன் வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வசம்புப் பேச்சு நின்றுவிட்டது. மாலையில் மாமனார் ஒருவரை மட்டும் வெளியே அழைத்துப் போகிறார்.

ஒன்றை மட்டும் எப்படிக் கையாள்வது என்று தெரியவில்லை. இருவரும் சேர்ந்திருக்கும்போது அவனுக்காக மகள் பதில் சொல்வது நிற்கவில்லை. "நீ பேசாதே" என்று அவளை அடக்கினால் அவள் முகம் வாடிவிடுகிறது. ஆசையாகப் பேசும் பிள்ளையை அடக்க எனக்கும் மனம் வரவில்லை. இந்த மூன்று மாதங்களும் வீட்டில் வேறு என்ன செய்யலாம்?


பேச்சுப் பயிற்சியாளர்

நல்ல செய்தி. மகளை அடக்க வேண்டாம் என்று நீங்கள் நினைத்தது சரியே. அவள் "தம்பி தண்ணி" என்றால், "ஆமா, தம்பிக்குத் தண்ணி வேணுமாம்" என்று அவளுக்கு ஒரு வாக்கியமாகத் திருப்பிச் சொல்லுங்கள். அவள் பேச்சு அங்கே வளரும். பிறகு தண்ணீரை உடனே கொடுத்துவிடாமல் மகன் பக்கம் திரும்பி, அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து, தம்ளரைக் காட்டி, "தண்ணி" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருங்கள். "ந்நீ" என்றாலும், வெறும் "ம்" என்றாலும் கொடுத்துவிடுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். பேச்சு அவனுக்குத் தண்டனையாகிவிடும். அந்த ஐந்து விநாடிகளும் மகளுக்குப் பெரிய காத்திருப்பு. ஆகவே அவள் கையிலும் ஒரு வேலையைக் கொடுங்கள், தம்ளரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம், பந்தை வைத்துக்கொண்டு தன் முறைக்காக இருக்கச் சொல்லலாம்.

அவனுக்கு நீளமான பெயர்ச்சொற்களை முதலில் கற்பிக்க முயல வேண்டாம். வா, போ, தா, ஏறு, ஊது, தள்ளு என்று நம் ஏவல் சொற்கள் ஓரிரு அசைகளில் முடிபவை. சொன்னவுடன் பலனும் கண்ணுக்குத் தெரிகிறது. தள்ளுவண்டியை நிறுத்திவைத்து, அவன் "போ" என்றதும் தள்ளினால், சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்று அவனுக்குப் புரியும். அத்துடன் ஒலிக்குறிப்புச் சொற்களையும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தொப்பென்று விழுந்தது, டமால் என்று வெடித்தது, குடுகுடுவென்று ஓடியது போன்றவற்றைக் குழந்தைகள் விரைவில் பற்றிக்கொள்வார்கள். அவன் ஒரு சொல் சொன்னால் அதோடு இன்னொன்றைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். "கா" என்றால் "காக்கா பறக்குது" என்பது போதும், திருத்தம் வேண்டாம்.

காதில் நீர் இருக்கும் வரை அவனுக்கு நம் பேச்சு மங்கலாகவே கேட்கும். அறையின் மறுபக்கத்திலிருந்து கூப்பிடாமல், அருகில் போய், முகத்தைப் பார்த்து, வழக்கமான குரலில் தெளிவாகப் பேசுங்கள். பேசும் நேரத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். முடிந்தால் சத்தம் போடும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். கைப்பேசித் திரையைப் பொறுத்தவரை, இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயதுக்குள் உறவினருடனான காணொளி அழைப்பைத் தவிர வேறு திரையே வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் கூறியிருக்கிறது. கும்பகோணம் அம்மா சொன்ன ஏற்பாட்டால் உங்கள் வீட்டில் அதற்கும் குறைவாகவே போதுமானதாக இருக்கும்.

ஒரு நோட்டில் இருவருக்கும் தனித்தனிப் பக்கம் வைத்து, புதிதாகச் சொன்ன சொல்லை அது வந்த தேதியோடு எழுதிவாருங்கள். தூளிப் பேச்சையும், அவன் தனியாக விளையாடும் ஒன்றிரண்டு நிமிடங்களையும் கைப்பேசியில் பதிந்து, மறுபரிசோதனைக்கு வரும்போது கொண்டுவாருங்கள். புதிய இடத்தில் குழந்தை வாய் திறக்காமல் இருந்தாலும் அந்தப் பதிவிலிருந்து எங்களால் நிறைய அறிய முடியும். காதில் நீர் வற்றிவிட்டதாகத் தோன்றினாலும், நன்றாகப் பேசத் தொடங்கிவிட்டாலும், அந்தத் தேதியில் அவனை அழைத்து வந்துவிடுங்கள். இடையில் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த சொற்களை விட்டுவிட்டாலோ, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவது நின்றாலோ, மூன்று மாதங்கள் காத்திருக்காமல் உடனே வாருங்கள்.